தங்கையின் மண்டலம்

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், டயர் வாசனையும் பெயின்ட் வாசனையும் கலந்தடிக்கும் சந்தில், தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. அதை நடத்தியவளை ஊரில் எல்லோரும் கட்டிலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அரசு மருத்துவமனைக்கு இரும்புக் கட்டில், பள்ளிக்கூடங்களுக்கு மேசை பெஞ்சு, வரி அலுவலகத்துக்கு அலமாரி என்று எல்லாம் அவள் பட்டறையில் உருவானவை.

"ஊர்ல பாதிப் பேரு நீ செஞ்ச கட்டில்ல பொறக்குறான், மீதிப் பேரு அதுலயே சாகுறான்" என்பார் அவள் கணவர். குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கும் வேலை அவருக்கு. "நடுவுல கொஞ்ச காலம் நீ செஞ்ச பெஞ்சுல உக்காந்து தூங்குறான்."

வெல்டிங்கில் அவளுக்கு நல்ல கை. அவள் வைத்த இணைப்பைத் தடவிப் பார்த்தால் மீன் செதில் அடுக்கியது போல வரிவரியாக இருக்கும். அந்தக் கையை அவள் ஒரே ஒருத்திக்குத்தான் சொல்லிக்கொடுத்தாள். அது அவள் தங்கை. பள்ளிப் படிப்பு ஏறாமல் வீட்டில் சும்மா இருந்தவளை அழைத்து வந்து, வெல்டிங் கண்ணாடியை மாட்டிவிட்டு, மணிக்கட்டைப் பிடித்து இணைப்புக் கோடு இழுக்கப் பழக்கினாள். தங்கை துறைமுக ஊரில் கிரேன் ஓட்டுபவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனபோது, பட்டறையிலிருந்த பழைய வெல்டிங் மெஷின் ஒன்றையும் கூடவே அனுப்பிவைத்தாள். அந்த மெஷினைக் கொடுத்ததுதான் தன் வாழ்நாளில் செய்த முதல் தப்பு என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

அரசு தன் கொள்முதலையெல்லாம் மண்டலம் மண்டலமாகப் பிரித்து வைத்திருந்தது. ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு கொள்முதல் அலுவலகம். அந்த மண்டலத்துக்குள் பட்டறை முகவரி இருப்பவர்களால்தான் அங்கே வரும் டெண்டருக்கு விலை போட முடியும். கட்டிலக்காவின் மண்டலம் உள்நாட்டில் இருந்தது. பரப்பு பெரிது, ஆட்கள் குறைவு. வறண்ட ஆறு, அதற்கு அந்தப் பக்கம் மலை, மலைமேல் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பள்ளிக்கூடங்கள். புதிதாக ஒரு கட்டடம் எழும்புவது குதிரைக்கொம்பு. கொள்முதல் அலுவலகத்து அறிவிப்புப் பலகையில், தெருநாய்களுக்கு ஊசி போடும் அறிவிப்பு ஒன்று வெயிலில் வெளுத்துக் கிடக்கும். ஆண்டுக்கொருமுறை பள்ளி மேசைகளுக்கான டெண்டர் மட்டும் தவறாமல் வரும். அதற்குப் போடுவது அவளும், பழக்கதோஷத்தில் உறை கொண்டுவந்து போடும் மரக்கடைக்காரரும். அவருக்கு வரவே வராது. வந்தாலும் செய்ய மாட்டார். உறை பிரிப்பதை ஒரு சாக்காக வைத்து இருவரும் எழுத்தரோடு உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வருவார்கள்.

தங்கையின் மண்டலமோ வேறு மாதிரி. துறைமுகம், சுங்க அலுவலகம், மாலுமிப் பயிற்சிப் பள்ளி, புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த மருத்துவக் கல்லூரி. அரசு எங்கே எதைக் கட்டினாலும் கடலைப் பார்த்தே கட்டியது. கட்டினால் உள்ளே போட மேசை வேண்டும், கட்டில் வேண்டும், அலமாரி வேண்டும். அங்கே அறிவிப்புப் பலகையில் இடம் போதாமல், ஒரு டெண்டர் தாளின் மேல் இன்னொன்றை ஒட்டியிருப்பார்கள்.

இதையெல்லாம் கட்டிலக்கா கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். காலையில் பல் துலக்குவதற்கு முன்பே கொள்முதல் துறையின் இணையப் பக்கத்தைத் திறந்துவிடுவாள். தன் மண்டலத்தின் பக்கத்தை அல்ல. அதில் என்ன இருக்கப்போகிறது? துறைமுக மண்டலத்தைத்தான் திறப்பாள். அங்கே அவளால் ஒரு ஸ்டூலுக்குக்கூட விலை போட முடியாது. இருந்தாலும் ஒவ்வொன்றாகத் திறந்து படித்து, இது எனக்கு வந்திருந்தால் இந்தக் குழாயை இப்படி வளைத்திருப்பேன் என்று மனசுக்குள் வேலையையே முடித்துவிடுவாள்.

"யாரு வீட்டு ஜன்னலை எட்டிப் பாக்குற?" என்பார் கணவர்.

"சும்மா. மணி பாத்தேன்."

முடிவுகளும் அதே பக்கத்தில் வரும். தங்கையின் பட்டறைப் பெயர் வெற்றி பெற்றவர் இடத்தில் வந்திருந்தால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. சாயங்காலம் தங்கை ஆசையாகக் கூப்பிட்டுச் சொல்லும்போது, அப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி, "அப்படியா! அடேயப்பா! ரொம்ப நல்லதாப் போச்சு!" என்பாள். பேசி முடித்ததும் கிரைண்டரை எடுத்து, தேய்க்க வேண்டாத இடத்தையெல்லாம் தேய்ப்பாள். பொறி பறக்கும்.

தங்கை புதுப் பட்டறை கட்டியபோது போகாமல் இருக்க முடியவில்லை. பளபளவென்று நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு போனாள். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தாள். கூரை உயரமாக இருந்தது. பாரம் தூக்க மேலே ஓடும் கொக்கி. பெயின்ட் அடிக்கத் தனி அறை, அதில் புகையை இழுத்து வெளியே தள்ளும் விசிறி. கட்டிலக்காவின் பட்டறையில் பெயின்ட் அடித்தால் அன்றைய மதியச் சாப்பாட்டிலும் அந்த வாசனைதான் வீசும்.

எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் ஒரு கட்டிலின் அருகே போய் நகத்தால் இணைப்பைச் சுரண்டிப் பார்த்தாள். எங்காவது ஒரு ஓட்டை, ஒரு குமிழ் கிடைக்காதா என்று தேடினாள். மீன் செதில் போல வரிவரியாக இருந்தது. அச்சு அசல் அவள் கைதான்.

"பாத்தீங்களா, எங்க அக்கா செக் பண்றா!" என்று தங்கை பின்னாலிருந்து தோளைக் கட்டிக்கொண்டாள். வந்திருந்தவர்களிடம் திரும்பி, "இங்க இருக்குற ஒவ்வொரு ஜாயின்ட்டும் இவ கத்துக்கொடுத்தது. இவ இல்லைன்னா நான் இல்ல" என்றாள்.

எல்லோரும் கட்டிலக்காவைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். அந்தப் பாராட்டு அவளுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கத்துக்கொடுத்தவள் சந்துக்குள்ளே, கத்துக்கொண்டவள் கொக்கிக்குக் கீழே என்று அவர்கள் நினைப்பதாக அவளுக்குத் தோன்றியது.

கிளம்பும்போது தங்கை கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, மெடிக்கல் காலேஜுக்குக் கட்டில் டெண்டர் வருது. பெரிய வேலை. எனக்கு வந்துச்சுன்னா பாதியை நீ பண்ணிக் குடேன். ரெண்டு பேரும் சேந்து செய்யலாம்."

"எனக்கு அங்கயே வேலை தலைக்கு மேல கெடக்கு" என்றாள் கட்டிலக்கா. அவள் பட்டறை அப்போது காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

பேருந்தில் திரும்பும்போது அவளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. மண்டலத்துக்குள் பட்டறை முகவரி இருந்தால் போதும் என்பதுதானே விதி? அடுத்த வாரமே துறைமுக ஊருக்கு மறுபடி போனாள், தங்கை வீட்டுத் தெருவைச் சுற்றிக்கொண்டு. படகு இன்ஜின் பழுதுபார்ப்பவர் ஒருவரின் கொட்டகையில் பின்பக்கத்தை வாடகைக்குப் பிடித்தாள். தன்னிடமிருந்த இரண்டாவது மெஷினை அங்கே கொண்டுபோய் வைத்தாள். சரிபார்க்க வந்த அதிகாரி மெஷினைப் போட்டுப் பார்த்தார், பொறி வந்தது, கையெழுத்துப் போட்டார்.

"தங்கச்சிகிட்ட சொன்னியா?" என்று கேட்டார் கணவர்.

"எதுக்குச் சொல்லணும்? அவ என்ன, அந்த மண்டலத்தையே விலைக்கு வாங்கிட்டாளா?"

கணவர் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். கேலி செய்யும் நேரம் எது, செய்யக் கூடாத நேரம் எது என்று அவருக்குத் தெரியும்.

மருத்துவக் கல்லூரிக் கட்டில் டெண்டர் பிரிக்கும் நாளும் வந்தது. துறைமுக மண்டலத்துக் கொள்முதல் அலுவலகத்தில் அதற்கென்று ஒரு கூடமே இருந்தது. தேநீர் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. கழுத்துப்பட்டை கட்டியவர்கள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு முன்வரிசையை அடைத்திருந்தார்கள். கட்டிலக்கா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் இடம் தேடினாள். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், வியர்வையைத் துடைத்தபடி ஒருத்தி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா?"

கட்டிலக்காவின் முகம் வெளுத்துப்போனது. என்ன பொய் சொல்வதென்று யோசிப்பதற்குள் அதிகாரி பெயர்களைப் படிக்கத் தொடங்கிவிட்டார். நீளமான பட்டியல். அதில் தங்கையின் பெயரும் வந்தது, அக்காவின் பெயரும் வந்தது. தங்கை திரும்பிப் பார்க்கவில்லை. மடியிலிருந்த கைக்குட்டையை மட்டும் நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

டெண்டர் இருவருக்கும் வரவில்லை. தலைநகரத்துக் கம்பெனி ஒன்று தட்டிக்கொண்டு போனது. அந்தக் கம்பெனிக்கு எல்லா மண்டலத்திலும் ஏதோ ஒரு சந்தில் ஏதோ ஒரு கொட்டகை முகவரி இருந்ததாம். கூடத்தில் பேசிக்கொண்டார்கள். கட்டிலக்கா காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

வெளிப்படிக்கட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"எங்கிட்ட கேட்டிருந்தா என் பட்டறையிலயே ஒரு மூலையைக் குடுத்திருப்பேனே அக்கா" என்றாள் தங்கை.

திட்டியிருந்தால் தேவலை. "உனக்கென்ன, இது போனா இன்னொண்ணு வரும்" என்றாள் கட்டிலக்கா.

"எங்க வருது? எல்லாத்துக்கும் போடுறேன். எப்பவாவது ஒண்ணு விழும். மீதியெல்லாம் இப்படித்தான், வந்து வேர்த்து ஊத்திட்டுப் போவேன்."

"நீ சொன்னதே இல்லையே!"

"தோத்ததைப் போயி யாராவது போன் போட்டுச் சொல்லுவாங்களா?"

கட்டிலக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. இணையப் பக்கத்தில் ஜெயித்தவர் பெயர்தான் வரும். தோற்றவர்கள் பெயர் வருவதில்லை. இத்தனை வருஷமாக அவள் தங்கையின் நல்ல நாட்களை மட்டுமே பார்த்து வெந்திருக்கிறாள். இதைத் தெரிந்துகொண்டதும் தங்கைமேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால், சொல்ல வெட்கம்தான், நெஞ்சுக்குள் ஜில்லென்று ஒன்று இறங்கியது.

அந்தக் குளிர்ச்சியில்தான் வாயை விட்டாள். "உங்க ஊர்ல எத்தனை இருந்து என்ன? எங்க ஊர்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. ஆனா போடுறதே ரெண்டு பேர்தான். போட்டா எனக்குத்தான். என்னை அசைச்சுக்க ஆளு கெடையாது."

"ரெண்டே பேரா?" என்றாள் தங்கை. கைக்குட்டை மடிப்பது நின்றது.

அதன்பிறகு சில மாதங்கள் தங்கையிடமிருந்து அதிகம் பேச்சு வரவில்லை. இணையப் பக்கத்திலும் அவள் பெயர் வரவில்லை. கட்டிலக்கா நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். பள்ளி மேசை டெண்டருக்கு வழக்கம்போல உறையைப் போட்டுவிட்டு, பிரிக்கும் நாளில் வழக்கமான நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். மரக்கடைக்காரர் ஏற்கெனவே வந்து தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இந்த வாட்டி மூணு கவர் வந்திருக்கு" என்றார் எழுத்தர். அவருக்கே அது ஒரு விசேஷம் போல இருந்தது.

மூன்றாவது உறைக்காரி கதவருகே வந்து நின்றாள். சந்தைச் சாலையில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, மெஷின் வைத்து, பதிவும் வாங்கிவிட்டிருந்தாள். கட்டிலக்கா கொடுத்தனுப்பிய அதே பழைய மெஷின்தான். அவள் போட்ட விலைதான் குறைவாக இருந்தது. மரக்கடைக்காரர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு நழுவினார்.

வாசலில் கட்டிலக்கா வெடித்தாள். "எனக்கிருக்கிறது ஒண்ணே ஒண்ணு! அதையும் வந்து புடுங்குவியா? என் வாசல்லயே வந்து கடை போடுவியா?"

"நீ என் வாசல்ல போட்டியே அக்கா."

தங்கை மெதுவாகத் தொடர்ந்தாள். "அந்தக் கம்பெனிக்காரன் வந்த பின்னாடி அங்க எங்களை மாதிரி ஆளுங்களுக்கு ஒண்ணும் மிஞ்சல. ஆளுங்களை வெச்சுட்டு எத்தனை நாள் சும்மா உக்காந்திருக்க முடியும்? நீதான் சொன்னே, ரெண்டே பேர்னு."

அன்றிலிருந்து கட்டிலக்கா சந்தைச் சாலை வழியே போவதை நிறுத்தினாள். வெங்காயம் வாங்கக்கூடக் கணவரை அனுப்பினாள். அவர் வெங்காயத்தோடு செய்தியும் கொண்டுவருவார். வேலை நடக்கிறதாம். நன்றாக நடக்கிறதாம். மேசையும் பெஞ்சும் ஒரே சட்டமாக வெல்டிங் வைத்து, ரொம்ப உறுதியாக இருக்கிறதாம்.

"ஒரே சட்டமாவா?" கட்டிலக்கா காய் நறுக்குவதை நிறுத்தினாள். "போல்ட்டு இல்லாம?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல." மறுபடி நறுக்கத் தொடங்கினாள். நறுக்கும் வேகம் கூடியிருந்தது.

அந்த மண்டலத்தை அறிந்தவர்கள் யாரும் மேசையை ஒரே சட்டமாகச் செய்ய மாட்டார்கள். லாரி வறண்ட ஆறு வரைக்கும்தான் போகும். அதற்கப்புறம் டிராக்டர். டிராக்டரும் நிற்கும் இடத்திலிருந்து தலைச்சுமை. கழற்றி அடுக்கிப் போய், பள்ளிக்கூடத்தில் வைத்து போல்ட்டு மாட்ட வேண்டும். துறைமுக ஊரில் லாரி வராந்தா வரை போய் நிற்கும். தங்கைக்கு எப்படித் தெரியும்?

சொல்லியிருக்கலாம். கட்டிலக்கா சொல்லவில்லை. மேசைகளை ஏற்றிய லாரி பணிமனைச் சந்தின் முனையைக் கடந்து போனபோது, வாசலில் நின்று பார்த்தாள். மறுநாள் அதே லாரி பாதிக்குமேல் பாரத்தோடு திரும்பி வந்ததையும் பார்த்தாள். சமவெளிப் பள்ளிகளுக்கு மட்டும் இறக்கியிருக்கிறார்கள். மலைப்பக்கம் போக முடியவில்லை. அன்றைக்கு அவள் இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டாள். கணவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுந்துபோய்க் கை கழுவினார்.

பள்ளி திறக்க நாள் நெருங்கிய சமயத்தில் ஒரு தொலைபேசி வந்தது. மலையின் கடைசிப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. "என்னம்மா, இந்த வருஷம் எப்ப வர்றீங்க? பசங்க பழைய பெஞ்சையெல்லாம் வெளிய தூக்கிப் போட்டுட்டாங்க. புதுசு யாரோ வேற ஆளு கொண்டுவருவாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. நான் நம்பல."

வேற ஆளு. அந்த இரண்டு வார்த்தை அவளை நாள் முழுக்கக் குடைந்தது. வருஷாவருஷம் மேல்மூச்சு வாங்க ஏறிப்போவதும், அங்கே வாசல் திண்டில் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பதும், ஒவ்வொரு போல்ட்டையும் அவளே முறுக்கி ஆட்டிப் பார்ப்பதும் நினைவுக்கு வந்தது. எப்படியாவது ஒரு வழி கண்டுபிடித்துத் தங்கை அங்கே ஏறிவிட்டால்? அந்தத் திண்டில் அவள் உட்கார்ந்து அந்தத் தண்ணீரைக் குடித்தால்? டெண்டர் போனதைவிட அது பெரிதாக வலித்தது.

மறுநாள் காலை சந்தைச் சாலைக் கொட்டகைக்குள் நுழைந்தாள். தங்கை மேசைகளுக்கு நடுவே, முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாத்தையும் என் பட்டறைக்குக் கொண்டா" என்றாள் கட்டிலக்கா. "மேசைக் காலையெல்லாம் அறுத்து எடுத்துட்டு, தகடு வெச்சு போல்ட்டுக்கு ஓட்டை போடணும். மலைப் பள்ளிக்கூடத்துக்கெல்லாம் நான் கொண்டு போறேன். நீ வேணும்னா கூட வரலாம்."

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு முன்னாடியே தெரியுமா, லாரி போகாதுன்னு?"

"தெரியும்."

"சொல்லவே இல்ல."

"கேக்கவே இல்ல."

தங்கையின் கண்ணில் கோபம் ஏறியது. அதை விழுங்கிக்கொண்டாள். விழுங்குவதைக் கட்டிலக்கா பார்த்தாள். தான் எத்தனையோ தடவை விழுங்கியது அது என்று தெரிந்தது.

சந்துப் பட்டறையில் அறுக்கும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டது. தங்கையின் ஆட்களும் வந்துவிட, நிற்க இடமில்லாமல் பாதி வேலை பேருந்துகள் திரும்பும் இடத்தில் நடந்தது. ஓட்டுநர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். அக்காவும் தங்கையும் முதல் நாள் வேலை விஷயம் தவிர ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் குழாயை எந்தப் பக்கமிருந்து அறுப்பது என்று பெரிய சண்டை வந்தது. பேச்சு அங்கிருந்து ஆரம்பித்துக்கொண்டது.

டிராக்டரில் ஏற்றி, ஆற்றைக் கடந்து, பள்ளி பள்ளியாக இறக்கினார்கள். கடைசிப் பள்ளிக்கு நடந்து ஏறும்போது தங்கைக்கு மூச்சு இரைத்தது. வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். கட்டிலக்கா உட்காரவில்லை. உட்காரத் தோன்றியும் உட்காரவில்லை.

தலைமையாசிரியை ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் சொன்னேன்ல, நீங்கதான் வருவீங்கன்னு! இவங்க யாரு?"

ஒரு நொடி எல்லாமே கட்டிலக்காவின் நாக்கில் இருந்தது. வேலை யார் பெயரில் என்று அவளுக்குத் தெரியும். சொல்ல வேண்டியதும் தெரியும்.

"என் தங்கச்சி. கூட வந்திருக்கா."

தங்கை ஸ்பானரை எடுத்துக்கொண்டு வகுப்பறைக்குள் போய், குனிந்து முதல் போல்ட்டை மாட்டத் தொடங்கினாள்.

திரும்பும் வழியில் டிராக்டரின் பின்பெட்டியில் இருவரும் சாய்ந்திருந்தார்கள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் தங்கையின் தலை அக்காவின் தோளில் இடித்தது. கண்ணைத் திறக்காமலே, "அந்த சந்தைச் சாலைக் கொட்டகையை நான் காலி பண்ணப் போறதில்ல" என்றாள் தங்கை.

"நானும் படகுக்காரர் கொட்டகையைக் காலி பண்ணல."

"சரி."

"சரி."

தங்கை தூங்கிப்போனாள். அவள் மடியில், பெட்டிக் கம்பியைப் பிடித்துக்கொள்ள மாட்டியிருந்த வெல்டிங் கையுறைகள் கழற்றிக் கிடந்தன. முழங்கை வரை வரும் நல்ல தோல், விரல் மடியும் இடத்தில் இரட்டைத் தையல். துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்குகிற சரக்காக இருக்கும். கட்டிலக்காவின் ஊரில் இது கிடைக்காது. கேட்டாலும் கடைக்காரன் சிரிப்பான். அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். இவளுக்கு மட்டும் எங்கே போனாலும் நல்லதாகவே கிடைக்கிறது என்று மறுபடி வயிறு எரிந்தது. ஆறு வந்ததும் டிராக்டர் மணலில் திணறி வேகம் குறைந்தது. ஓசைப்படாமல் ஒரு கையுறையை எடுத்து மாட்டிப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. உள்ளே இன்னும் தங்கையின் கைச்சூடு இருந்தது. அக்கரை ஏறும்வரை அவள் அதைக் கழற்றவில்லை.